மாதிரிப் பெட்டி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

காதைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் வீட்டுக்காரியும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? உன் மீசையைப் பார்த்துக் குழந்தை அழுவது நின்றதா? வெறுமனே "நான் நலம்" என்று எழுதி முடித்துவிடாதே. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று தனித்தனியாக எழுது.

வழக்கம்போல உங்கள் கம்பெனிக்கு வேனில் அனுப்பும் மாதிரிப் பெட்டியின் மூடிக்குள் இதை மடித்து வைக்கிறேன். பன்னிரண்டு குழியிலும் பன்னிரண்டு வளையம் இருக்கிறது, எண்ணிக்கொள். "அக்காவுக்கும் தம்பிக்கும் கம்பெனி செலவுல தபால் நடக்குது" என்று உங்கள் வேன் டிரைவர் மாமாவிடம் சொல்லிச் சிரித்தாராம். சிரிக்கட்டும். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் விழுகிறது. இருபது வருஷம் ரப்பர் பிரஸ் பக்கத்தில் நின்ற காது வேறு எப்படி இருக்கும்?

பட்டறையில் போன வாரம் ஒரு கூத்து. மாமாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார். நம் பெண்கள் பிசிறு வெட்டிய வளையத்தைக் கீழ் உதட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆளாளுக்கு முத்தம் கொடுத்துட்டு இருக்காங்க?" என்று கேட்டார். நம் வாயாடி விடுவாளா? "கத்தி பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப் போச்சுங்க. மயிரளவு பிசிறு இருந்தாலும் உதட்டுக்குத்தான் தெரியும். வேணும்னா உங்க வீட்டு ஆளை அனுப்புங்க, சொல்லித் தரேன்" என்றாள். மனுஷன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதத்துக்கு வந்த ஃபேக்ஸில் நாற்பதாயிரம் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்தாயிரம் என்று இருக்கிறது. தவறி அடித்துவிட்டார்களா? இல்லையென்றால் காரணம் எழுது. நீ சொல்லித்தானே மற்ற கம்பெனி வேலையையெல்லாம் விட்டேன்? "ஒரே இடத்துக்குச் செஞ்சா தலைவலி இல்லக்கா, கொள்முதல்ல நான்தானே இருக்கேன்" என்றாய். மாமா, பிரஸ்காரர், பெண்கள் ஒன்பது பேர் என்று எல்லோரும் உங்கள் பம்புக்குள் உட்காரும் அந்த ஒரு ரப்பர் வளையத்தை நம்பித்தான் காலையில் கதவைத் திறக்கிறோம்.

உடனே பதில் போடு.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். குழந்தை இப்போது அழுவதில்லை, மீசையைப் பிடித்து இழுக்கிறாள். மாமாவுக்கு முதுகுவலி தேவலையா?

ஃபேக்ஸில் தவறில்லை. பம்பு விற்பனை கொஞ்சம் மந்தம், ரப்பர் விலையும் ஏறிக்கொண்டே போகிறது, அதனால் எல்லாச் சாமானுக்கும் குறைத்திருக்கிறார்கள். நீ கவலைப்படாதே. இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். வாயாடியைக் கேட்டதாகச் சொல்.

ஒரு நல்ல செய்தி. பதினாறு வருஷத்தில் உன் பட்டறை வளையம் போட்ட பம்பு ஒன்றுகூடக் கசிவென்று திரும்பி வரவில்லை என்பதை மேனேஜர் கூட்டத்தில் சொன்னார். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று படிப்படியாக எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார். வரைபடத்தில் அளவு மட்டும்தானே இருக்கிறது? நேரம் கிடைக்கும்போது ஒன்று விடாமல் எழுதி அனுப்பு அக்கா. கத்தியின் வளைவையும் வரைந்து அனுப்பு.

அன்புத் தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

எல்லோரும் நலம். மேனேஜர் கூட்டத்தில் சொன்னதைப் பெண்களிடம் சொன்னேன். நெட்டைக்குப் பெருமை தாங்கவில்லை, அன்று முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டே நடந்து நிலைப்படியில் இடித்துக்கொண்டாள்.

நீ கேட்டதை எழுதுகிறேன். வளையத்தை அச்சிலிருந்து எடுத்ததும் வெட்டவே கூடாது. சூட்டில் ரப்பர் ஒரு அளவு இருக்கும், ஆறினால் ஒரு அளவு. பலகையில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி ஒரு முழு நாள் விட வேண்டும். குவித்து வைத்தால் அடியில் கிடப்பது நெளிந்துவிடும். பிசிறை எல்லோரும் வெளியிலிருந்து உள்ளே வெட்டுவார்கள், நாங்கள் உள்ளிருந்து வெளியே வெட்டுகிறோம். அப்படி வெட்டினால்தான் தண்ணீரைத் தடுக்கிற விளிம்பில் காயம் படாது. கத்தி மாமா தேய்த்துத் தருவது, படம் பின்பக்கம் இருக்கிறது. அவர் முதுகோடு போராடிக்கொண்டே வரைந்தார், அழகில்லை என்று சொல்லாதே. வெட்டிய பிறகு ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிக்கிறோம் என்றுதான் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேனே, அதுதான்.

இவ்வளவுதான். இதில் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். உங்கள் சுவரில் சட்டம் போட்டு மாட்டப் போகிறார்களா?

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதியது மிகவும் உபயோகமாக இருந்தது.

வளைய அச்சின் தேய்மானத்தை இங்கே அளந்து பார்க்க வேண்டுமாம். அச்சு கம்பெனியுடையது என்பதால் வருஷத்துக்கு ஒரு தரம் இப்படிச் செய்ய வேண்டும் என்று புது விதி. நாளை வேனில் ஏற்றி அனுப்பிவிடு. இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடும். எங்களுக்கு அவ்வப்போது செய்து தருகிறாயே, அந்தச் சின்ன வாஷரின் அச்சு உன்னிடமே இருக்கட்டும்.

பெட்டியின் அடியில் ஒரு சிறு டப்பா இருக்கும். உன் காதுக்குக் கருவி. நல்ல கம்பெனி, டாக்டரைக் கேட்டுத்தான் வாங்கினேன். ரொம்ப நாளாக வாங்கித் தர வேண்டும் என்று நினைத்திருந்தேன். தவறாமல் மாட்டிக்கொள்.

தம்பி


மே 30

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய கருவியை மாட்டினேன். மாமா பக்கத்து அறையில் செருமுவது கேட்கிறது. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்கிறது. பட்டறையில்தான் கேட்க ஒன்றுமில்லை. அச்சு போய் ஐந்து வாரமாகிறது, பெரிய பிரஸ் சும்மா நிற்கிறது. பிரஸ்காரர் தினமும் வந்து அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். துடைத்துத் துடைத்துப் பெயின்ட் போய்விட்டது.

பெண்களில் நான்கு பேரை வாஷர் வேலையில் வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு வாரம் ஓடினால் ஒரு வாரம் இல்லை. மற்றவர்களை வீட்டில் இருக்கச் சொன்னேன். "அச்சு வந்ததும் சொல்லிவிடுங்கக்கா" என்று போனார்கள். நெட்டை நேற்றுக் கதவருகில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

என் காதுதான் மந்தம், அதனால் அதில் பூச்சுற்றலாம் என்று நினைக்காதே. அச்சை அளக்க ஐந்து வாரமா? அங்கே என்ன நடக்கிறது என்று பட்டென்று எழுது.

அக்கா


ஜூன் 24

தம்பிக்கு,

நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டு தடவை வேன் வந்துபோனது, பெட்டி வரவில்லை. இன்றைக்குத்தான் வந்தது. மூடிக்குள் காகிதம் இல்லை. காலியாக வர வேண்டிய பெட்டியில் பன்னிரண்டு வளையம் இருந்தது.

அவை நாங்கள் செய்தவை அல்ல. ரப்பர் எங்கள் ரப்பர் இல்லை, நிறம் வெளிறி இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு கீறல் இருக்கிறதே, அது மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரஸ்காரர் அச்சைக் கீழே போட்டபோது விழுந்தது. அன்று நான் அவரைத் திட்டிய திட்டு இன்னும் இந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிசிறை உள்ளிருந்து வெளியே வெட்டியிருக்கிறார்கள். மாமாவின் கத்தி போன்ற கத்தியால்தான் வெட்டியிருக்கிறார்கள்.

மாமாவிடம் காட்டினேன். "வேற ஏதாவது காரணம் இருக்கும், அவசரப்படாதே" என்றார். பிரஸ்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம அச்சு இப்ப வேற எங்கேயோ ஓடுது" என்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

எனக்குப் பெரிய கடிதம் வேண்டாம். பூசி மெழுகவும் வேண்டாம். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுது.

அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

ஆமாம்.

அந்த வளையங்களை யாரோ தவறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். நான்தான் போட்டேன். மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், மூன்றையும் கிழித்துப் போட்டேன். பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று போட்டேன்.

கம்பெனி கை மாறி ஆறு மாதமாகிறது. புது முதலாளிகள் வந்ததும் எல்லாச் சாமானுக்கும் கடல் தாண்டி விலை கேட்டார்கள். அங்கே பத்து லட்சம் வளையம் ஒன்றாகச் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. கப்பல் கூலி இறங்கியிருந்த நேரம், அவன் சொன்ன விலைக்கு உன்னால் ரப்பர்கூட வாங்க முடியாது. கொள்முதலில் எட்டுப் பேர் இருந்தோம், இப்போது மூன்று பேர். யார் குறைந்த விலைக்கு இடம் பிடித்துத் தருகிறார்களோ அவர்களுக்குத்தான் நாற்காலி என்று சொல்லாமல் சொன்னார்கள். வளையம் என் பொறுப்பில் இருந்தது.

நீ எழுதி அனுப்பிய முறையை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். மாமாவின் படத்தையும் சேர்த்தேன். அச்சைக் கப்பலுக்குக் கட்டியபோதும் பக்கத்தில் நின்றேன். அளவு பார்க்க என்று எழுதியது பொய். மார்ச்சிலேயே எனக்குத் தெரியும்.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு கம்பெனி தேடியிருப்பாய். சொன்னால் நீ அச்சைத் தர மாட்டாய் என்று பயந்தேன்.

தம்பி


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்கிற முகம் எனக்கும் இல்லை. வாஷர் பெட்டியில் இதை வைக்கிறேன்.

அங்கிருந்து வந்த வளையம் கசிகிறது. நூறு பம்புக்கு நான்கு திரும்பி வருகிறது. கப்பலும் துறைமுக நெரிசலில் ஐந்து வாரம் நின்றுவிட்டதால் மாற்றிப் போடச் சரக்கும் இல்லை. அளவு சரி, ரப்பர் சரி, ஒரு நாள் ஆறவும் விடுகிறார்கள், நீ சொன்னபடிதான் வெட்டுகிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் குறை தெரியவில்லை. மேனேஜர் தினமும் என் மேஜைக்கு வந்து, "அந்தப் பட்டறையில வேற என்ன செய்யறாங்க? உங்க அக்காதானே, கேளுங்க" என்கிறார்.

கோபித்துக்கொள்ளாதே. அன்று எழுதும்போது எதையாவது விட்டுவிட்டாயா? அல்லது எனக்குச் சொல்ல வேண்டாம் என்று எதையாவது மறைத்துவிட்டாயா? இதில் என் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது.

தம்பி


செப்டம்பர் 12

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. ஆனாலும் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று எழுது.

நான் மறைத்தேனா? எப்படியடா கேட்கத் தோன்றியது உனக்கு? மறைக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்? நீ கேட்டதும் வெள்ளந்தியாகப் பக்கம் பக்கமாக எழுதினேனே! மாமா வலியோடு படம் போட்டாரே!

எதையும் விடவில்லை. மார்ச் நாலாம் தேதி எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துப் படி. நீ படித்துச் சிரித்ததாக எழுதிய கடிதம். வாயாடி அந்த மனுஷனுக்குச் சொன்ன பதில்தான் நீ தேடுவது. அளவுகோலுக்கும் கண்ணாடிக்கும் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியும். ஒவ்வொரு வளையமும், நாற்பதாயிரமும், ஒன்பது பெண்களின் உதட்டில் பட்டுத்தான் உன் கம்பெனிக்கு வந்தது. உனக்கு அது பொம்பளைகள் அடிக்கிற அரட்டையாகத் தெரிந்திருக்கிறது, அதனால் டைப் அடிக்கவில்லை.

வாயாடி இப்போது அட்டைப்பெட்டி மடிக்கப் போகிறாள். நெட்டை வீட்டு வேலைக்குப் போகிறாள். பிரஸ்காரர் மட்டும் இன்னும் வந்து துடைக்கிறார், நானும் டீ போட்டுக் கொடுக்கிறேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சொல். அங்கேயும் பெண்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் உதடு இருக்கும். ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தால் உன் நாற்காலி நிலைக்கும், என் பட்டறையை அத்தோடு மூடிவிடலாம். உன் இஷ்டம். நான் தடுக்க மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள். நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள்.

மார்ச் கடிதம் மேஜை டிராயரில்தான் இருந்தது. படித்தேன். அதற்குக் கீழே பதினாறு வருஷத்துக் கடிதங்களும் இருந்தன. கொஞ்சம் பழையதைப் படித்தேன். ஐந்து கடிதத்தில் உதட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

மேனேஜர் வந்தார். "அக்கா என்ன சொன்னாங்க?" என்றார். "எழுதிக் கொடுத்ததுக்கு மேல ஒண்ணும் இல்லையாம் சார்" என்றேன். இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

காரணம் பிடிபடாததால் வளையம் மறுபடி உன் பட்டறைக்கே வருகிறது. முதலில் ஆறு மாதத்துக்கு. அச்சு விமானத்தில் வந்துவிட்டது, அடுத்த வேனில் ஏற்றுகிறார்கள். பிரஸ்காரரிடம் சொல்.

நான் நலம். கடிதங்களையெல்லாம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். இனி அடிக்கடி எழுத முடியாமல் போகலாம், நீ கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


நவம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

இந்தத் தடவை காது நலம், மற்றதைச் சொல்கிறேன்.

அச்சு வந்தது. பிரஸ்காரர் அதைக் கீழே இறக்கவே விடவில்லை, தானே தாங்கிப் பிடித்து ஏற்றினார். இந்த வயதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆயில் தெறிச்சுடுச்சு" என்கிறார். வீட்டுக்கு அனுப்பிய ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். வாயாடியைக் கூப்பிட நானே போனேன். "ஆறு மாசம் கழிச்சு மறுபடி வீட்டுக்குப் போன்னு சொன்னா?" என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்துத் தானாக வந்து உட்கார்ந்தாள். நெட்டை வரவில்லை.

முதல் மாதிரிப் பெட்டி திரும்பி வந்தது. மூடியைத் திறந்தால் உன் கடிதம் இல்லை, டைப் அடித்த சீட்டு ஒன்று இருந்தது. "மாதிரிகளுடன் வேறு காகிதம் எதையும் வைக்கக் கூடாது." கீழே யாரோ ஒருவருடைய கையெழுத்து.

டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். நீ அனுப்பிய கருவியை மாட்டிக்கொண்டுதான் கேட்டேன், ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. "உங்களுக்குத் தெரியாதாக்கா? கடல் தாண்டி ஆர்டர் கொடுத்த ஆள் யாருன்னு பார்த்தாங்க. காரணமும் கண்டுபிடிச்சுக் கொடுக்கல. அச்சு இங்க வந்த அன்னிக்கே அவரை அனுப்பிட்டாங்க" என்றார். நான் நலம் என்று எழுதினாயே, அது இதுதானா?

போனில் கேட்டால் மறுபடியும் நலம் என்பாய்; கடிதம் எழுத உட்கார்ந்தால் உன் வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. பதினாறு வருஷம் கம்பெனிப் பெட்டியிலேயே பேசிக்கொண்டோம், ஒரு தபால்தலை ஒட்டியதில்லை. விலாசத்தையும் டிரைவர்தான் கொடுத்தார். மாமா தபால் நிலையத்தில் நின்று பசை தடவி ஒட்டுவார், ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று எழுது.

நீ மேனேஜரிடம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. எனக்குக் கோபம் போகவில்லை. நெட்டை கதவருகில் வந்து நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போகிற கோபம் போகும்போது போகட்டும், கோபத்தோடேயே உன்னைக் கூப்பிடுகிறேன். வீட்டுக்காரியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது.

இனி ஒரே கம்பெனியை நம்பி நான் கதவைத் திறக்கப் போவதில்லை. குக்கர் செய்கிற ஓரிடத்திலும் மருந்து பாட்டில் செய்கிற ஓரிடத்திலும் ரப்பர் கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரன் எதை மனதில் வைத்துக்கொண்டு எதைக் கேட்பான் என்று தெரிந்த ஆள் எனக்கு வேண்டும். அது உன்னைவிட யாருக்கடா தெரியும்?

பிசிறு வெட்டுகிற மேஜையில் ஜன்னலோரம் நெட்டையின் இடம் காலியாக இருக்கிறது. முதல் மாதம் அங்கேதான் உட்கார வேண்டும். வாயாடி சொல்லித் தருவாள், நன்றாகத் திட்டுவாள், வாங்கிக்கொள். வரும்போது அந்த மீசையை எடுத்துவிட்டு வா. அது கீழ் உதட்டையும் சேர்த்து மூடிக்கொண்டிருக்கிறது.

உன் அக்கா